சைடு ஏர்பேக் ஸ்கேனரும் டம்மி பிளக்கும்: வாங்கலாமா?

கார் வயரிங்தான் என் தொழில். ஏர்பேக் விளக்கு அணையாமல் எரிகிறது என்று வருகிறவர்களில் சிலர் ஏற்கெனவே அதன்மேல் கறுப்பு டேப் ஒட்டியிருப்பார்கள். இன்னும் சிலரிடம் யாரோ "சீட்டையே மாற்றணும்" என்று சொல்லியிருப்பார்கள். ஏர்பேக்கைக் கட்டுப்படுத்துகிற கம்ப்யூட்டரை (ஏர்பேக் யூனிட்) படிக்கிற கையடக்க ஸ்கேனர் ஒன்றும், அதே பெட்டியில் சோதனைக்காக ஏர்பேக்குக்குப் பதில் செருகுகிற டம்மி பிளக்குகளும் வைத்து விற்கிறார்கள். அதைக் கொஞ்ச காலமாகப் புழங்கிவருகிறேன். பெயரைச் சொல்லிப் பயனில்லை, ஒரே சரக்கு பல ஸ்டிக்கரில் வருகிறது.

முதலில் ஸ்கேனர். போனோடு ப்ளூடூத்தில் சேர்கிற சின்ன டாங்கிள் வைத்திருப்பவர்கள் "எரர் எதுவும் இல்லை என்கிறதே" என்பார்கள். அது பெரும்பாலும் எஞ்சின் பக்கத்து எரர் கோடை (code, பழுதுக் குறியீடு) மட்டும்தான் படிக்கும், ஏர்பேக் யூனிட்டோடு பேசவே பேசாது. இந்த ஸ்கேனர் பேசுகிறது. கோடு 'B' எழுத்தில் தொடங்கும், கூடவே விளக்கமும் வரும்: டிரைவர் பக்க சைடு ஏர்பேக், ரெசிஸ்டன்ஸ் அதிகம், அல்லது குறைவு, அல்லது கிரவுண்டோடு ஷார்ட், அல்லது பேட்டரி பாசிட்டிவோடு ஷார்ட். இந்த வரியைப் படித்ததும் ஏர்பேக் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கோடு சுட்டுவது சர்க்யூட்டை. யூனிட்டில் தொடங்கி, கார்பெட்டுக்கு அடியில் ஓடி, சீட்டுக்குக் கீழே மஞ்சள் கனெக்டரைத் தாண்டி, சீட் ஓரத்தில் இருக்கிற பை வரைக்கும் எங்கே வேண்டுமானாலும் கோளாறு இருக்கலாம்.

பையைக் கொளுத்துகிற ஸ்குவிப்பின் ரெசிஸ்டன்ஸ் ஏறக்குறைய 2 ஓம். யூனிட் சின்ன மின்னோட்டம் ஒன்றை அனுப்பி அதைக் கண்காணித்துக்கொண்டே இருக்கிறது. கனெக்டர் பின்னில் லேசாகப் பிடிப்பு தளர்ந்து ஓர் ஓம், இரண்டு ஓம் கூடினாலே கோடு விழுந்துவிடும். ஹெட்லைட் சர்க்யூட்டில் இதே அளவு கூடியிருந்தால் வெளிச்சம் மங்கி நமக்கே தெரிந்திருக்கும். இங்கே பார்வைக்கு எதுவும் தெரியாது. சீட்டை முன்னும் பின்னும் தள்ளித் தள்ளி வயர் இழுபடுகிறது, வாக்குவம் குழாய் இடிக்கிறது, உருண்டுபோன தண்ணீர் பாட்டில் கனெக்டரில் சிக்குகிறது. 1994-இல் வோல்வோ தன் 850-இல் முதன்முதலாக சைடு ஏர்பேக் கொண்டுவந்தபோது அது மெக்கானிக்கல் சென்சாரில் இயங்கியது. இன்றைய மஞ்சள் கனெக்டர் தலைவலி அதற்கு இல்லை!

கிட்டில் நான் காசு கொடுத்தது டம்மி பிளக்குக்காகத்தான் என்றே சொல்வேன். உள்ளே சுமார் 2 ஓம் ரெசிஸ்டர், அவ்வளவுதான். பையைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் இதைச் செருகினால், யூனிட் பை இருப்பதாகவே நினைத்துக்கொள்ளும். இக்னிஷனைப் போட்டு, கோடை அழித்துவிட்டுப் பார்க்கவேண்டும். கோடு திரும்ப வராவிட்டால் சந்தேகம் பையின் மேலும் அதன் வாலில் இருக்கிற வயரின் மேலும். திரும்ப வந்தால் பை பாவம் நிரபராதி, தேடவேண்டியது ஹார்னஸில், அதாவது யூனிட்டிலிருந்து வருகிற வயர்க் கட்டில்.

சமீபத்தில் வந்த வண்டி ஒன்றில் டம்மியைப் போட்டதும் திரையில் 2.3 ஓம் சுத்தமாக நின்றது. சீட்டைக் கடைசி வரை பின்னுக்குத் தள்ளினேன், எகிறி 'ஓப்பன்' என்றது, அதாவது சர்க்யூட் எங்கோ அறுந்திருக்கிறது. முன்னுக்கு இழுத்தால் மறுபடி 2.3. கார்பெட்டைத் தூக்கிப் பார்த்தால், சீட் தண்டவாளத்தின் விளிம்பில் உரசி, மேல் உறை முழுசாக இருக்க உள்ளே செம்பு அறுந்திருந்தது. ஹார்னஸின் அந்தப் பகுதியை மாற்றியதோடு வேலை முடிந்தது. அந்த வண்டிக்காரரிடம் புது ஏர்பேக் வாங்கச் சொல்லியிருந்தார்கள். நிஜப் பை மாட்டியிருக்கும்போது இப்படி வயரை ஆட்டிப் பார்க்கிற வேலையை நான் செய்யமாட்டேன், நீங்களும் செய்யாதீர்கள்.

இதையெல்லாம் மல்டிமீட்டரில் பார்த்துவிடலாமே என்று கேட்பவர்களுக்கு: பையின் இரண்டு பின்னில் மீட்டரை வைக்கவே கூடாது. மீட்டர் தருவது சில மில்லி ஆம்பியர்தானே, வெடிக்க அது போதாதே என்று வாதாடலாம். உங்கள் மீட்டர் எந்த ரேஞ்சில் இருக்கிறது, பழுதாகி என்ன அனுப்புகிறது என்று உங்களுக்கு உறுதியாகத் தெரியுமா? எந்தத் தயாரிப்பாளரும் இதை அனுமதிப்பதில்லை. டம்மி பிளக்கை வேண்டுமானால் மீட்டரில் அளந்துகொள்ளுங்கள். நான் அளந்தேன். மீட்டர் வயரின் ரெசிஸ்டன்ஸைக் கழித்தபிறகு எல்லாமே 2-க்கும் 2.2-க்கும் நடுவில் நின்றன. அந்த விஷயத்தில் குறை சொல்ல முடியாது.

குறை வேறு இடங்களில் இருக்கிறது. திரையில் எண் மெதுவாகத்தான் மாறுகிறது, கண்சிமிட்டும் நேரத்தில் விட்டு வருகிற தொடர்பை அது பிடிப்பதில்லை. சில வண்டிகளில் ஓம் கணக்கே வராது, 'சரி' அல்லது 'தவறு' மட்டும்தான். அப்போது கொடுத்த காசில் பாதி வீண். இன்னொன்று, பிளக் பொருந்தாத வண்டிக்கென்று ஊசிமுனை வயர்கள் கொடுத்திருக்கிறார்கள். அவை தடிமன். பெண் டெர்மினலில் (பின் நுழைகிற துளைப் பக்கம்) அழுத்திச் செருகினால் அது விரிந்துபோய், நாளைக்கு அதே கோடைத் திரும்பக் கொண்டுவரும். நான் அவற்றைத் தொடுவதே இல்லை, சரியான பிளக் வேறு இடத்தில் தேடி வாங்கிக்கொள்கிறேன்.

கோபம் வருவது கையேட்டைப் பார்த்துத்தான். பேட்டரி நெகட்டிவைக் கழற்றியபின் காத்திருக்க எல்லா வண்டிக்கும் ஒரே நேரம் போட்டிருக்கிறார்கள். யூனிட்டுக்குள் மின்சாரத்தைச் சேமித்து வைத்திருக்கிற கெப்பாசிட்டர் வடிய ஆகும் நேரம் வண்டிக்கு வண்டி வேறு. அந்தந்த வண்டியின் சர்வீஸ் புத்தகம் சொல்வதுதான் கணக்கு. ஷார்ட்டிங் கிளிப்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஏர்பேக் கனெக்டரைக் கழற்றியதும் உள்ளே ஒரு சின்னத் தகடு இரண்டு பின்னையும் சேர்த்துவிடும், ஸ்டேடிக் மின்சாரத்தில் பை வெடிக்காமல் இருக்க. இது தெரியாதவர் யூனிட் பக்கக் கனெக்டரைக் கழற்றி ஹார்னஸை அளந்தால் இரண்டு வயரும் ஷார்ட் என்று காட்டும், நல்ல ஹார்னஸைத் தூக்கிப் போடுவார்.

வயரிங்கில் கை பழகியவர் வாங்கலாம். விளக்கை அணைத்தால் போதும் என்று தேடுகிறவர் வாங்கவேண்டாம். கோடை அழித்துக் கொடுக்கும்தான், கோளாறு இருக்கும்வரை மறுபடி விழுந்துகொண்டே இருக்கும். விபத்தில் பை வெடித்த பதிவையோ இது பெரும்பாலும் அழிக்காது. டம்மி பிளக்கைக் கழற்ற மறந்து வண்டியைக் கொடுத்துவிடாதீர்கள். விளக்கு அணைந்திருக்கும், உள்ளே பை இணைந்திருக்காது. என்னுடையவற்றில் நீளமான சிவப்பு ரிப்பன் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன், கம்பெனியே கட்டிக் கொடுத்திருக்கவேண்டியது.