ஈர மை மெஷினோடு பதினோரு வருடம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த ஈர மை நகல் மெஷின் இன்று யாரும் கடைக்குப் போய் வாங்கக்கூடிய சாமான் இல்லை. மலேசியாவின் பினாங்கில், குவீன் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயிலிலிருந்து கூப்பிடு தூரத்தில் என் தாய்மாமா எழுதுபொருள் கடை வைத்திருந்தார். ஐந்தாம் படிவம் முடித்த கையோடு 1984இல் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். அவர் செகண்ட் ஹேண்டில் வாங்கிப் போட்டிருந்த போட்டோஸ்டேட் மெஷினை 1995 வரை ஓட்டியது நான்தான். தூள் டோனர் போடும் மெஷின் இல்லை அது. மையை எண்ணெயில் கலந்து ஊற்றும் வகை.

(நம் ஊரில் எல்லா நகல் மெஷினுக்கும் போட்டோஸ்டேட் என்றுதான் பேர். உண்மையில் அந்தப் பெயர் அதற்கு முந்தின காலத்து ஒரு கேமரா மெஷினுடையது. அது படம் பிடித்து, கழுவி, காயவைத்து நகல் எடுக்கும். பேர் மட்டும் ஒட்டிக்கொண்டது.)

வேலை செய்யும் விதம் லேசாகச் சொல்கிறேன். உள்ளே, வெளிச்சம் பட்டால் மட்டும் மின்சாரத்தைக் கடத்தும் செலினியம் பூசிய டிரம். இருட்டில் ஒரு மெல்லிய கம்பி சில ஆயிரம் வோல்ட்டில் அதன்மேல் மின்னேற்றத்தைத் தூவும். மூலத்தாளின் வெள்ளையிலிருந்து திரும்பும் வெளிச்சம் பட்ட இடமெல்லாம் மின்னேற்றம் வடிந்துவிடும். எழுத்து இருக்கும் இடத்தில் மட்டும் மிஞ்சும். கண்ணுக்குத் தெரியாத அந்த எழுத்தைத் தெரிய வைப்பதுதான் மையின் வேலை. 1938இல் செஸ்டர் கார்ல்சன் நியூயார்க்கின் அஸ்டோரியாவில் முதன்முதலில் இதைச் செய்து காட்டியபோது உலர்ந்த தூளைத்தான் தூவினார். எண்ணெயில் மைத்துகளைக் கலந்து அதில் முக்கி எடுக்கும் வழியை 1950களில் கண்டவர் ஆஸ்திரேலியாவின் கென் மெட்கால்ஃப். எண்ணெய் மின்சாரத்தைக் கடத்தாது, அதனால் டிரம்மில் உள்ள மின்னேற்றம் கலையாமல் நிற்கும். எதிர் மின்னேற்றம் கொண்ட துகள்கள் எண்ணெய்க்குள்ளேயே நீந்திப் போய் எழுத்தில் ஒட்டிக்கொள்ளும், அங்கிருந்து தாளுக்கு மாறும். 1975இல் ஜப்பானின் ரிக்கோ கம்பெனி செய்து ‘சாவின்’ (Savin) என்ற பெயரில் விற்ற 750 மாடல் வந்த பிறகுதான் சாதாரணத் தாளில் நகல் எடுக்கும் ஈர மை மெஷின் பரவலானது. எங்கள் மெஷினும் அந்தத் தலைமுறைதான்; கம்பெனி பேர் வேண்டாம்.

அந்த மெஷினை நான் விரும்பியதற்கு ஒரே காரணம் புள்ளி. தமிழில் புள்ளி வைத்த எழுத்து எத்தனை என்று நகல் கடையில் வேலை செய்து பார்த்தால் தெரியும். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலையில் தண்ணீர்ப்பந்தல் போடுகிற சங்கத்தின் நோட்டீஸ், தமிழ்ப் பள்ளித் தேர்வுத்தாள், திருப்பணிக் கணக்கு எல்லாமே தட்டச்சில் அடித்த பொடி எழுத்து. எதிர்க்கடையில் தூள் மெஷின் இருந்தது. அதில் நகலிலிருந்து இன்னொரு நகல் எடுத்தாலே ‘ணை’யின் சுழி அடைத்துக்கொள்ளும், ‘க்’ என்பது ‘க’ ஆகிவிடும், இல்லாவிட்டால் பக்கம் முழுக்கத் தெறித்த தூளில் எது புள்ளி எது அழுக்கு என்றே தெரியாது. அன்றைய தூளின் துகள் பத்து மைக்ரோனுக்கு மேல் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரோன்). அதைச் சூட்டில் உருக்கித் தாளில் அமுக்கும்போது இன்னும் விரியும். ஈர மையின் துகள் ஒரு மைக்ரோனை ஒட்டியது. தூளை அவ்வளவு பொடியாக்கினால் காற்றில் பறந்து மெஷின் முழுக்க அப்பிவிடும். எண்ணெயில் கிடப்பதால்தான் இது சாத்தியம். நகலின் நகலின் நகல் எடுத்தும் எங்கள் புள்ளி புள்ளியாகவே இருந்தது. தமிழாசிரியர்கள் எதிர்க்கடையைத் தாண்டி எங்களிடம் வந்ததற்கு மாமாவின் சிரிப்பு காரணம் என்று அத்தை நம்பிக்கொண்டிருந்தார்.

இன்னொரு வசதி, சூடு கிடையாது. தூள் மெஷின் காலையில் உருளை சூடாகிறவரை காக்க வைக்கும். எங்களுடையது சுவிட்சைத் தட்டியதும் ஓடும், மின்சாரமும் குறைவு.

சரி, இனி அதோடு பட்ட பாடு.

கருப்பு கருகருவென்று வராது. மைப்படலம் மெல்லியது, கொஞ்சம் தாளின் நாருக்குள்ளேயே இறங்கிவிடும். லைட் ஸ்ட்ரீட் கோர்ட்டுப் பக்கமிருந்து வரும் ஒரு வக்கீல் கிளார்க், “தம்பி, இது என்ன சாம்பல்ல எழுதினமாரி இருக்கு” என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார். விலை குறைந்த சொரசொரத் தாளில் இது இன்னும் மோசம். அதோடு நகல் லேசான ஈரத்தோடு வெளியே வரும். நூறு பக்கத்தை அடுக்கிய உடனே தட்டி நேராக்கினால் விரல் பட்ட இடமெல்லாம் இழுவிக்கொள்ளும். நான் மின்விசிறிக்கு அடியில் விசிறிப் பரப்பி வைப்பேன்.

வாசனை வேறு. மண்ணெண்ணெயைக் கழுவிக் காயவைத்தால் எப்படியோ அப்படி. ஒவ்வொரு நகலும் கொஞ்சம் எண்ணெயைக் குடித்துக்கொண்டு போகும், அது ஆவியாவது எங்கள் கடைக்குள்தான். பரீட்சைக் காலத்தில் நாளெல்லாம் ஓட்டினால் சாயங்காலம் தலை கனக்கும். எண்ணெய் தீப்பிடிக்கக்கூடியது என்று மெக்கானிக் சொன்ன அன்றைக்கு மாமாவின் வெள்ளிக்கிழமை சாம்பிராணி வாசல்படிக்கு இடம் மாறியது. சாமி படம் உள்ளே, புகை வெளியே.

தினசரிப் பராமரிப்பு ஒரு கைக்குழந்தையை வளர்ப்பது போல. மை பாட்டில் தனி, வெறும் எண்ணெய் பாட்டில் தனி. எழுத்து வெளுத்தால் மை, பக்கம் முழுக்கச் சாம்பல் படர்ந்தால் எண்ணெய். இரண்டும் அளவாக இருக்க வேண்டும், இந்தக் கைப்பக்குவம் வர எனக்கு ஆறு மாதம் பிடித்தது. டிரம்முக்கு மிக அருகில், தொடாமல், எதிர்த்திசையில் சுற்றும் உருளை ஒன்று மிச்ச எண்ணெயை வழித்துவிடும். அதில் மை காய்ந்து தார் மாதிரி இறுகிவிட்டால் நகலில் பட்டை பட்டையாக விழும். தீபாவளிக்கு நாலு நாள் கடை சாத்தித் திறந்தால் தொட்டியில் மை அடியில் படிந்து கிடக்கும். முதல் முப்பது நகல் குப்பைதான். பக்கத்துக்கு 10 காசு வாங்கிய காலம், முப்பது நகல் என்றால் மாமா பார்க்கும் பார்வையே வேறு.

வருடக் கடைசி மழையில் தாள் ஈரம் இழுத்துவிட்டால் மை டிரம்மை விட்டு வராது. தாள் அலமாரிக்குள் 40 வாட் பல்ப் ஒன்றை எரியவிட்டுச் சமாளித்தோம். பினாங்குப் பாலம் திறந்த 1985ஆம் வருடக் கடைசியில்தான் இந்த வித்தையைக் கண்டுபிடித்தேன். அதற்கு முன் ஒவ்வொரு தாளையும் கையால் விசிறிக் காட்டிக்கொண்டிருந்தேன்.

என் தப்பையும் சொல்ல வேண்டும். 1988இல் டிரம்மைத் துடைக்கும்போது விரலில் இருந்த மோதிரம் பட்டுக் கீறிவிட்டது. அன்றிலிருந்து எல்லா நகலிலும் இடது ஓரத்தில் ஒரு மயிர்க்கோடு. புது டிரம் விலையைக் கேட்டுவிட்டு மாமா, “கோடு இருந்தா நம்ம கடை நகல்னு தெரியும்ல” என்றார். ஒன்றரை வருடம் அந்தக் கோட்டோடு ஓட்டினோம். அதை நாங்கள் கையால் போடுவதாக நினைத்து, ரூல் போட்டதற்குத் தனிக்காசு உண்டா என்று கேட்டவரும் உண்டு.

1994இல் எங்கள் மாடலுக்கு மை பாட்டில் வருவது நின்றது. அதற்குள் தூள் மெஷின்களின் துகளும் பொடியாகிவிட்டது, எதிர்க்கடையின் புது மெஷினில் ‘ணை’ ஒழுங்காகவே வந்தது. எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான். ஈர மை செத்துப்போய்விடவில்லை. 1993இல் பென்னி லாண்டாவின் இண்டிகோ கம்பெனி அதே வகை ஈர மையை வண்ண அச்சுக்குக் கொண்டுபோனது, 2002இல் ஹெச்பி அந்தக் கம்பெனியை வாங்கியது. போன வருடம் கோலாலம்பூரில் அக்கா மகனின் கல்யாணப் பத்திரிகையை அந்த வகை அச்சில்தான் அடித்தோம். வந்ததும் எல்லாரும் மாப்பிள்ளை படத்தைப் பார்த்தார்கள், நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் புள்ளிகளைப் பார்த்தேன். நன்றாகவே இருந்தது. வாசனை மட்டும் இல்லை.

எங்கள் மெஷினைப் பழைய இரும்புக்காரர் 60 வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) எடுத்துப் போனார். மீதமிருந்த ஒன்றரை பாட்டில் வெறும் எண்ணெயை மாமா கொடுக்கவில்லை. கண்ணாடி அலமாரியில் ஒட்டிய விலைச்சீட்டின் பசை அதைத் தொட்டுத் துடைத்தால் சுத்தமாக வந்துவிடும். அது 1998 வரைக்கும் வந்தது.