முட்டை திருடும் காகம்: ரைஃபிளா, ஏர் ரைஃபிளா, வலையா?

கூண்டில் கோழி முட்டை காணாமல் போனதும் துப்பாக்கி வாங்கலாமா என்று கேட்பவர்கள் பலர். அதற்கு முன்னால் திருடன் யார் என்று பார்த்துவிடுவது நல்லது. காகம், அதன் இனத்தைச் சேர்ந்த மேக்பை போன்ற பறவைகள் பகலில்தான் வரும். ஓட்டில் துளை போட்டுக் குடிக்கும், இல்லையென்றால் முழு முட்டையையும் தூக்கிக்கொண்டு போய்க் கொஞ்ச தூரத்தில் வெறும் ஓட்டை மட்டும் எறிந்துவிட்டுப் போகும். இரவில் முட்டை போனால் எலி மாதிரி வேறு ஏதோ ஒன்று. தடயமே இல்லாமல் மறைந்தால் பாம்பைச் சந்தேகப்படலாம். வைக்கோல் பிசுபிசுவென்று ஈரமாக இருந்து, ஒரு கோழியின் அலகில் மஞ்சள் கரு ஒட்டியிருந்தால் திருடி உள்ளேயே இருக்கிறாள். அவளுக்குத் துப்பாக்கி எதற்கு?

சரி, காகம்தான் என்று உறுதியாகிவிட்டது. இனி வழிகளைப் பார்ப்போம்.

முதலில் .22 ரிம்ஃபயர் ரைஃபிள், அதாவது 0.22 அங்குலக் குண்டை வெடிமருந்தால் சுடும் துப்பாக்கி. குறி துல்லியம், பட்டால் காகம் ஒரே அடியில் விழும். ஆனால் கொல்லைப்புறத்துக்கு இது ஆகாது என்பதுதான் என் கருத்து. சுமார் 2.6 கிராம் எடையுள்ள அந்தச் சின்னக் குண்டு வினாடிக்கு 300 மீட்டருக்கு மேல் வேகத்தில் கிளம்புகிறது. ஒன்றரை மைல், அதாவது 2.4 கிலோமீட்டர் வரை போகும் என்று தோட்டாப் பெட்டியிலேயே எச்சரிக்கை அச்சடிக்கிறார்கள். காகம் உட்காருகிற இடங்களை யோசித்துப் பாருங்கள்: கூரை முகடு, மரக்கிளை, வேலிக் கம்பத்தின் உச்சி. எல்லாமே நம் தலைக்கு மேலே. குறி தப்பினால் குண்டு வானத்தை நோக்கிப் போய், எங்கே இறங்கும் என்று யாருக்கும் தெரியாது. கல்லிலோ கெட்டித் தரையிலோ பட்டால் திசை மாறித் தெறிக்கும் பழக்கமும் இதற்கு உண்டு. பின்னால் மண்மேடு இருக்கிற, ஆள் நடமாட்டமே இல்லாத பெரிய நிலம் என்றால் மட்டும் யோசிக்கலாம்.

ஏர் ரைஃபிள் வேறு ரகம். வெடிமருந்து இல்லை, காற்றழுத்தத்தால் பெல்லட் என்கிற சின்னக் குண்டைத் தள்ளும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் லைசென்ஸ் இல்லாமல் வைத்துக்கொள்ளக்கூடிய ஏர் ரைஃபிளின் ஆற்றலுக்கு உச்ச வரம்பு சுமார் 16 ஜூல். சாதாரண .22 தோட்டாவின் ஆற்றல் இதைப் போலக் கிட்டத்தட்ட பத்து மடங்கு. ஏர் ரைஃபிளின் பெல்லட்டும் சில நூறு மீட்டர் போகும், கண்ணில் பட்டால் கண் போய்விடும். அதனால் இதற்கும் பின்னால் தடுப்பு வேண்டும். ஆனால் ஒரு கட்டைச் சுவரோ மண்மேடோ போதும்.

பெல்லட்டின் விட்டம் 4.5 மில்லிமீட்டரா, 5.5-ஆ என்ற சண்டை ஓயாது. 4.5 நேராகப் போகும், தூரக் கணக்கில் கொஞ்சம் பிசகினாலும் மன்னிக்கும். 5.5 பட்ட இடத்தில் அதிக ஆற்றலை இறக்கும். இந்தச் சக்தியில் 25, 30 மீட்டருக்குள் தலையில் பட்டால் இரண்டுமே காகத்தைக் கொல்லும். அதற்கு மேல் போனால் காயப்பட்டுப் பறந்து எங்கோ தவித்துச் சாகும், அது பாவம். ஸ்பிரிங் ரைஃபிள் பிடிக்கிற பிடிக்கு ஏற்பக் குறி மாறும், பழக நாளாகும். காற்றடைத்த சிலிண்டர் வைத்தது உதறாது, ஆனால் காற்று நிரப்ப பம்ப்போ டேங்க்கோ தேவை. இன்னொன்று: குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப், குழாய்க்கு மேலே சில சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. 25 மீட்டருக்குச் சரிசெய்த ரைஃபிளால் எட்டு மீட்டரில் சுட்டால் பெல்லட் கீழே அடிக்கும். கோழிக்கூண்டில் வருகிற வாய்ப்புகள் பெரும்பாலும் இந்தக் கிட்டத் தூரம்தான்.

பலரும் மறந்துபோவது ஈயத்தை. கோழி இரைப்பையில் அரைக்கச் சின்னக் கற்களை விழுங்கும். மண்ணில் கிடக்கும் ஈய பெல்லட்டையும் அப்படியே விழுங்கிவிடும். அந்த ஈயம் உடம்பில் ஏறி முட்டைக்கும் வருகிறது. முட்டையைக் காப்பாற்றச் சுட்டு, அதே முட்டையில் விஷம் கலப்பதா? மேய்ச்சல் இடத்தில் சுடுவதானால் ஈயம் இல்லாத பெல்லட்டையே போடுங்கள்.

அப்புறம் காகத்தின் மூளை. 2006-ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஜான் மார்ஸ்லஃப் குழு முகமூடி அணிந்து காகங்களைப் பிடித்து, வளையம் மாட்டிவிட்டது. பிடித்தவர் முகத்தை அவை வருடக்கணக்கில் ஞாபகம் வைத்திருந்தன. அந்தச் சம்பவத்தைப் பார்க்காத காகங்கள்கூட அந்த முகமூடியைக் கண்டால் கத்தின. அதனால் ஒன்று இரண்டைச் சுட்டால் மிச்சம் உங்களைக் கண்டு ஓடும், நீங்கள் வீட்டுக்குள் போனதும் திரும்பும். இணையாகக் குடியிருந்த பறவைகளைத் தீர்த்துவிட்டால் காலியான இடத்துக்கு வேறு ஜோடி வரும்.

சட்டத்தையும் பார்த்துவிடுங்கள். அமெரிக்காவில் காகம் 1972 முதல் புலம்பெயர் பறவைகள் சட்டத்தின் கீழ் வருகிறது, சேதம் செய்தால் நிபந்தனைகளோடு விலக்கு உண்டு. இந்தியாவில் 2022-ல் செய்த திருத்தம், காகம் இருந்த தீங்குயிர்ப் பட்டியலையே (வேட்டையாடத் தடை இல்லாத உயிர்களின் பட்டியல்) வனவுயிர்ச் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டது.

பொம்மை ஆந்தை, பளபளக்கும் சிடி எல்லாம் கொஞ்ச நாள் கூத்து. காகம் பழகிவிடும். தினமும் இடம் மாற்றினால் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்.

வலைதான் கடைசியில் ஜெயிக்கிறது. ஐந்து சென்டிமீட்டர் கண் காகத்தை நிறுத்தும். இறுக்கமாக இழுத்துக் கட்ட வேண்டும், தொய்ந்தால் பறவை மாட்டிக்கொள்ளும். மேலே மூட முடியாத பெரிய இடத்துக்கு நான் சொல்வது உருண்டோடும் முட்டைப் பெட்டி. தரை லேசாகச் சரிந்திருக்கும், இட்ட முட்டை தானே உருண்டு பின்னால் மூடிய தட்டுக்குள் போய்விடும். காகத்துக்கும் கிடைக்காது, முட்டை தின்னும் கோழிக்கும் கிடைக்காது. பெட்டி வாசலில் கிழித்த சாக்கைத் தொங்கவிட்டால் உள்ளே இருட்டாகும். கோழிக்கு அது பிடிக்கும், காகம் நுழையத் தயங்கும்.

பெரும்பாலான முட்டை விடிந்து சில மணி நேரத்துக்குள் விழுந்துவிடும். அதுவரை கோழிகளை மூடிய பகுதியிலேயே வைத்து, மதியத்துக்குள் இரண்டு தடவை முட்டை எடுத்துவிட்டுத் திறந்துவிடலாம். இதற்குச் செலவே இல்லை. இவ்வளவும் செய்த பிறகும் ஒரே ஒரு காகம் விடாமல் பெட்டிக்குள் தலையை நுழைக்கிறது, சட்டமும் இடம் கொடுக்கிறது என்றால், அதற்கு ஏர் ரைஃபிளை எடுக்கலாம். .22-ஐ அல்ல.