கன்ஃபிகரா, சிமேக்கா?

ஹட்டனில் கொழுந்து நிறுக்கும் டிஜிட்டல் தராசிலிருந்து எடையை வாசிக்க, சி மொழியில் ஒரு சிறிய நூலகம் எழுதினோம். என்னிடம் லினக்ஸ், பண்டாரவளையில் இருக்கும் தம்பியிடம் விண்டோஸும் விஷுவல் ஸ்டூடியோவும். தராசின் சீரியல் போர்ட்டைத் திறக்க லினக்ஸில் டெர்மியோஸ் என்ற தலைப்புக் கோப்பு (நிரலில் சேர்த்துக்கொள்ளும் அறிவிப்புகள் உள்ள கோப்பு) வேண்டும். விண்டோஸில் அது கிடையாது. எந்தக் கணினியில் எது இருக்கிறது என்று கண்டுபிடிக்கத்தான் ஆட்டோகான்ஃப் (அது தரும் ஸ்கிரிப்ட்தான் கன்ஃபிகர்), சிமேக் என்ற இந்த இரண்டு கருவிகளும்.

ஆட்டோகான்ஃப் 1991இல் தொடங்கியது. அது உருவாக்கும் கன்ஃபிகர் ஸ்கிரிப்ட், சின்னச் சின்ன நிரல்களைக் கம்பைல் செய்து (கணினி இயக்கும் வடிவத்துக்கு மாற்றி) பார்த்து முடிவை ஒரு தலைப்புக் கோப்பில் எழுதும். ஷெல் (கட்டளைகளை இயக்கும் நிரல்), மேக் (கம்பைல் வேலைகளை நடத்தும் கருவி), கம்பைலர் இருந்தால் போதும், வேறெதையும் இறக்க வேண்டாம். மழை வந்தால் சிக்னல் போய்விடும் எங்கள் பக்கத்தில் அது பெரிய ஆறுதல். ஆனால் தம்பியின் கணினியில் அந்த ஷெல்லே இல்லை. அதற்காக மட்டும், விண்டோஸில் அந்த ஷெல்லைத் தரும் எம்சிஸ்2 தொகுப்பை நிறுவச் சொல்ல எனக்கு மனமில்லை.

2000இல் வந்த சிமேக் அதே சோதனைகளைச் செய்கிறது. அப்புறம் அவனுக்கு விஷுவல் ஸ்டூடியோ திட்டக் கோப்பு, எனக்கு மேக் கோப்பு அல்லது (மேக் போன்ற இன்னொரு கருவியான) நிஞ்சாவுக்கான கோப்பு என்று பிரித்துத் தருகிறது. ஒன்றில் மட்டும் கவனம் தேவை: சோதனை முடிவுகளை கேஷில் (பிறகு பயன்படுத்தச் சேமித்து) வைத்துக்கொள்ளும். கம்பைலரை மாற்றினால், அந்தப் பழைய முடிவுகள் இருக்கும் பில்ட் கோப்புறையை முழுதாக அழித்துவிட்டுத் தொடங்குங்கள்.

யுனிக்ஸ் வகைக் கணினிகள் மட்டும் என்றால் கன்ஃபிகர் போதும். விண்டோஸ்காரர் ஒருவர் இருந்தாலும் சரி, நான் சிமேக்கைத்தான் எடுப்பேன்.