பேட்டரி இல்லாத ஈரப்பத சென்சார்: வாங்கலாமா?

பேட்டரி இல்லாமல் ரேடியோ அலையிலேயே ஓடும் ஈரப்பத சென்சார் ஒன்று என்னிடம் இருக்கிறது. அதை வாங்கலாமா என்று ராணிப்பேட்டை நண்பர் கேட்டதால் எழுதுகிறேன். போன வாரம்தான் அதைப் பிரித்து ரிப்பேர் செய்தேன், அந்தக் கோபமும் இதில் இருக்கும்.

ஆரணியில் மாமா பட்டு நூல் வைக்கும் மர அலமாரிக்குள் அது இருக்கிறது. மூன்று மீட்டர் தள்ளிச் சுவரில் 866 மெகாஹெர்ட்ஸ் டிரான்ஸ்மிட்டர். அது அனுப்பும் ரேடியோ அலைதான் சென்சாருக்கு மின்சாரம். அமெரிக்காவுக்கான 915 மெகாஹெர்ட்ஸ் செட்டை வாங்கிவிடாதீர்கள். இந்தப் பக்கத்து அலைவரிசைகளில் நம் நாட்டில் உரிமம் தேவைப்படாதது 865 முதல் 868 வரைதான், அதுவும் வரம்புக்குட்பட்ட சக்தியில்.

ஒரு வாட் அனுப்பினாலும் அந்தத் தூரத்தில் ஆன்டெனாவுக்கு வந்து சேர்வது 0.1 மில்லிவாட்டுக்குக் கொஞ்சம் மேல். தூரம் இரட்டித்தால் அதிலும் கால்வாசிதான். டையோடு அதைச் சென்சாருக்கு வேண்டிய டிசி மின்சாரமாக மாற்றும்போது பாதிக்கு மேல் போய்விடும். மிச்சத்தைச் சிறுகச் சிறுகச் சேர்த்து, போதுமான அளவு வந்ததும் ஒரு புளூடூத் செய்தி அனுப்புகிறது. அலமாரியைத் திறக்காமலே ஈரப்பதம் மாமாவின் போனுக்கு வந்துவிடும். அதை முதலில் பார்த்தபோது வந்த சந்தோஷம் இன்னும் குறையவில்லை.

என் சண்டையெல்லாம் அந்த மின்சாரத்தைச் சேர்த்து வைக்க உள்ளே இருந்த சூப்பர் கெபாசிட்டரோடுதான். கத்திரி வெயிலில் அந்த ஷீட் கூரை அறை கொதிக்கும். சூடு ஏற ஏற அதன் கசிவும், அதாவது சேர்த்த மின்சாரம் தானாக வீணாவதும், ஏறும். உள்ளே வருவதே பத்துப் பதினைந்து மைக்ரோ ஆம்பியர், அதையும் கசிவே தின்றுவிட்டால் சென்சாருக்கு என்ன மிஞ்சும்? மதியம் முழுக்க ஒரு செய்தியும் வராது. காற்று காய்ந்து நூல் அறுந்துபோகும் அந்த நேரத்தில்தான் ஈரப்பதம் தெரிய வேண்டும். விற்றவர் கொடுத்த தாளில் கசிவு 25 டிகிரிக்கு மட்டும்தான் போட்டிருக்கிறது. ஆரணியில் மே மாதம் 25 டிகிரியை எங்கே போய்த் தேடுவது?

சரி என்று அதைக் கழற்றிவிட்டு, சில நூறு மைக்ரோஃபாரட் செராமிக் கெபாசிட்டர்களை வைத்தேன். இப்போது மதியமும் செய்தி வருகிறது. ஆனால் கரண்ட் போய் டிரான்ஸ்மிட்டர் நின்றால் சென்சாரும் உடனே நின்றுவிடும். முன்பு சேமிப்பை வைத்துக் கொஞ்ச நேரமாவது தாங்கும்.

நண்பருக்கு என் பதில்: வாங்காதீர்கள். சிஆர்2032 பட்டன் செல் போட்ட சென்சார் ஒன்றிரண்டு வருஷம் ஓடும், இரவு பகலாகச் சுவரில் டிரான்ஸ்மிட்டர் எரிய வேண்டியதில்லை. இரும்பு பீரோ என்றால் யோசிக்கவே வேண்டாம், அலை உள்ளே போகாது. என்னுடையதை மட்டும் கழற்றச் சொல்லாதீர்கள். அடுத்து அதற்குப் பெரிய ஆன்டெனா ஒன்று செய்யப் போகிறேன்.