பயிலரங்கமா, வாராந்திரக் கூடுகையா?

பி.எஸ்சி. நர்சிங் பாடத்திட்டத்தை இந்திய நர்சிங் கவுன்சில் 2021-இல் மாற்றியது. ஆண்டு முறை போய் 8 செமஸ்டர், கிரெடிட் (பாட நேரத்தை வைத்துத் தரும் மதிப்பு), விருப்பப்பாடம் எல்லாம் வந்தன. இதற்குத் தயாராகச் சென்னையில் இரண்டு நாள் பயிலரங்குக்குப் போவதா, கல்லூரியிலேயே வாரம் ஒரு மணி நேரம் கூடிப் பேசுவதா? சேலத்தில் சக ஆசிரியைகள் என்னிடம் கேட்பது இதுதான்.

செலவு
பயிலரங்கம்: கட்டணம், ரயில், தங்குமிடம். ஒருவர் இருவர்தான் போகலாம்.
கூடுகை: டீச் செலவு. எல்லோரும் வரலாம்.

தெளிவு
பயிலரங்கம்: கிரெடிட் கணக்கில் வரும் சந்தேகத்தை வல்லுநரிடமே கேட்கலாம். இது பெரிய பலம்.
கூடுகை: தவறாகப் புரிந்தால் எல்லோரும் சேர்ந்தே தவறுவோம்.

நிலைப்பு
பயிலரங்கம்: நான் எடுத்த குறிப்புகள், வார்டு போஸ்டிங் தொடங்கியதும் அலமாரிக்குள் போய்விட்டன.
கூடுகை: கை பழகுகிறது. ஆஸ்கி (OSCE) என்ற செய்முறைத் தேர்வில் மாணவி ஒவ்வொரு நிலையத்திலும் குறித்த நேரத்துக்குள் ஒரு செயலைச் செய்து காட்ட வேண்டும். சரிபார்ப்புப் பட்டியலைப் பார்த்து மதிப்பெண் போடுவோம். ரத்த அழுத்தம் பார்ப்பதற்கு நாங்களே ஒரு பட்டியல் எழுதி, ஒருவரை மாணவியாக நிறுத்திப் பார்த்தோம். "அக்கா, கைப்பட்டை அளவு சரியான்னு பார்க்கறதுக்கு மார்க்கே இல்லையே!" என்றார் இளைய ஆசிரியை. அன்றே திருத்தினோம்.

விதிமுறையே புரியாத கல்லூரி, முதலில் ஒருவரைப் பயிலரங்குக்கு அனுப்பட்டும். விதி தெரிந்தும் வகுப்பில் தடுமாறுகிறவர்களுக்குக் கூடுகைதான் சரி. அதற்கான ஒரு மணி நேரத்தைக் கால அட்டவணையிலேயே ஒதுக்கச் சொல்லி முதல்வரிடம் கேளுங்கள்.