விடுபட்ட அனுமானம்: இணைத்துப் பார்ப்பதா, மறுத்துப் பார்ப்பதா?

தருக்கத் தேர்வுகளில், ஒரு வாதம் சொல்லாமலே உண்மையென எடுத்துக்கொள்ளும் அனுமானத்தைக் கண்டுபிடிக்க இரண்டு வழிகள் கற்பிக்கப்படுகின்றன. ஒன்று, ஆதாரத்துக்கும் முடிவுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை இணைப்பது. மற்றொன்று, தேர்ந்தெடுக்கத் தரப்படும் ஒவ்வொரு விடையையும் மறுத்துப் பார்த்து, வாதம் சரிகிறதா என்று கவனிப்பது.

ஒரு வாதத்தை எடுத்துக்கொள்வோம்: "நூலகம் இரவு நேரத்தை நீட்டித்தது. அடுத்த மாதம் இரவல் போன நூல்கள் அதிகரித்தன. ஆகவே, நேர நீட்டிப்பு வாசிப்பை வளர்த்திருக்கிறது."

இணைக்கும் முறை உடனே ஒன்றைப் பிடித்துவிடும். ஆதாரம் இரவலைப் பற்றியது. முடிவோ வாசிப்பைப் பற்றியது. இந்தச் சொல் மாற்றத்தைக் காண்பதில் இதைவிட வேகமான வழி கிடையாது. ஆனால், "இரவல் அதிகரித்ததற்குப் புதிய நூல்களின் வரவு மட்டுமே காரணம் அல்ல" என்றொரு விடை வந்தால்? வாதத்தில் இல்லாத பேச்சு என்று இணைப்பவர் அதை ஒதுக்கிவிடுவார். மறுத்துப் பாருங்கள்: புதிய நூல்கள் மட்டுமே காரணம் என்றாகிறது. நேர நீட்டிப்புக்கு அங்கே வேலையே இல்லை, வாதம் விழுந்துவிட்டது. ஆக, அதுவும் அவசியமான அனுமானம்தான். காரண காரிய வாதங்களில் நான் மறுப்பு முறையை நம்புவது இதனால்தான்.

அதை ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்பதே சிக்கல். "இரவல் பெற்ற எல்லா நூல்களும் முழுமையாக வாசிக்கப்பட்டன" என்ற விடையைப் பலர் "எதுவும் வாசிக்கப்படவில்லை" என்று மறுத்து, வாதம் உடைந்துவிட்டதாக நினைக்கிறார்கள். சரியான மறுப்பு "சில நூல்களாவது முழுமையாக வாசிக்கப்படவில்லை" என்பதே. அதனால் வாதத்துக்குச் சேதமில்லை; அந்த விடை தவறு.

நேரமும் இடம் கொடுக்காது. மேலாண்மைப் படிப்புச் சேர்க்கைக்கான ஜிமேட் தேர்வின் மொழிப் பகுதியில் 45 நிமிடத்தில் 23 கேள்விகள். அவற்றில் வாசிப்புப் பத்திகளும் உண்டு. ஐந்து விடைகளையும் மறுத்துக்கொண்டிருக்க முடியாது. இணைத்துப் பார்த்து, அப்பட்டமாகப் பொருந்தாதவற்றைக் கழித்து, மிஞ்சும் இரண்டை மறுத்துப் பார்ப்பது என் பரிந்துரை.

சட்டப் படிப்புச் சேர்க்கைக்கான எல்சாட் தேர்வில் 2024 ஆகஸ்டிலிருந்து தருக்க விளையாட்டு என்ற புதிர்ப் பகுதி நீக்கப்பட்டு, இத்தகைய வாதங்களை ஆராயும் தருக்கப் பகுத்தறிவுக்கு மதிப்பெண் உள்ள பகுதிகள் இரண்டாயின. அங்கே இன்னொரு வகைக் கேள்வியும் வரும்: "எதை ஏற்றுக்கொண்டால் முடிவு உறுதியாகும்?" இதில் மறுப்பு முறை ஆபத்தானது. "அவர் கணித ஆசிரியர், ஆகவே சதுரங்கம் நன்றாக ஆடுவார்" என்ற வாதத்துக்குச் சரியான விடை, "கணித ஆசிரியர்கள் எல்லோரும் சதுரங்கம் நன்றாக ஆடுவார்கள்" என்பது. அதை மறுத்தால், சிலர் நன்றாக ஆடமாட்டார்கள் என்று மட்டுமே கிடைக்கிறது. இவர் அந்தச் சிலரில் ஒருவராக இல்லாமல் இருக்கலாம், வாதம் விழவில்லை. மறுப்பை நம்பியவர் சரியான விடையையே அடித்துவிடுவார். இணைத்துப் பார்த்தவருக்கோ அது முதல் வாசிப்பிலேயே கிடைத்திருக்கும்.