சவுராஸ்தா மாடியில் 25 வெள்ளிக்கு ஒரு சட்டப் புத்தகம்

பினாங்கு சவுராஸ்தா சந்தை மாடியில் இருக்கும் பழைய புத்தகக் கடைகளில் ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். குறையும் சொல்லப் போகிறேன், அதனால் எந்தக் கடை என்று சொல்லவில்லை. கீழே ஜெரோக் (பழ ஊறுகாய்) வாசனை, மேலே தூசு வாசனை, மத்தியானம் போனால் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும்.

அமெரிக்க அரசியலமைப்பு வழக்குகளைத் தொகுத்த ஒரு தலையணை சைஸ் புத்தகம். கடைக்காரர் 40 வெள்ளி சொன்னார், "அண்ணே, படிக்கிற பையன்ண்ணே" என்று இழுத்து 25-க்கு முடித்தேன். பிளாஸ்டிக்கைப் பிரித்துக் காட்டமாட்டேன் என்றுவிட்டார். வீட்டில் பிரித்துப் பார்த்தால் நடுவில் முப்பது பக்கம் போல இல்லை. இதற்கு ஒரு நட்சத்திரம் குறைத்துவிட்டேன்.

ஆனாலும் நான்கு கொடுக்கிறேன், காரணம் மிச்சம் இருந்த பக்கங்களில் கிடைத்த ஒரே ஒரு வழக்கு: நியூயார்க் எதிர் அமெரிக்கா, 1992. எழுபதுகளின் கடைசியில் அந்த நாடு முழுவதற்கும் தாழ்நிலைக் கதிரியக்கக் கழிவைப் போட மூன்றே இடம்தான் மிச்சம்: தென் கரோலினாவில் பார்ன்வெல், நெவாடாவில் பியாட்டி, வாஷிங்டன் மாநிலத்தில் ஹான்ஃபோர்டு. எல்லார் வீட்டுக் குப்பையும் எங்கள் வாசலிலா என்று 1979-ல் இரண்டு மாநிலங்கள் கொஞ்ச நாள் கதவைச் சாத்தின, தென் கரோலினா அளவைக் குறைத்தது. 1980-ல் ஒரு சட்டம், 1985-ல் திருத்தம்: அவரவர் கழிவை அவரவர் பார்த்துக்கொள்ளணும். செய்தால் பணம், செய்யாவிட்டால் கூடுதல் கட்டணம், அப்புறம் கதவடைப்பு. அதற்கும் மசியாத மாநிலம் 1996-லிருந்து, கழிவை உண்டாக்கியவர் கேட்டால் அதைத் தன் பேரில் ஏற்று, நஷ்டத்துக்கும் பொறுப்பாகணும்.

நியூயார்க் வழக்குப் போட, பண விஷயமும் கதவடைப்பும் சரி, கழிவைத் தன் பேரில் ஏற்கணும் என்ற கடைசியது செல்லாது என்றது உச்ச நீதிமன்றம், 6-க்கு 3. தீர்ப்பு எழுதியவர் சாண்ட்ரா டே ஓ'கானர். மத்திய அரசு ஆசை காட்டலாம், தானே சட்டம் போட்டு நேரடியாக நடத்தலாம், ஆனால் 'நீ இதைச் செய்' என்று மாநிலத்தின் கையைப் பிடித்து வேலை வாங்க முடியாது. அப்படி வாங்கினால் முடிவெடுத்தவர் தலைநகர் வாஷிங்டனில் நிம்மதியாக இருப்பார், ஊர் மக்களிடம் திட்டு வாங்குவது மாநிலத்து ஆள். எனக்கு இந்த வாதம் ரொம்பப் பிடித்தது. நீதிபதி வைட் மாறுபட்டு எழுதியதும் லேசானதில்லை: மாநிலங்களே கூடிப் பேசி முடித்த ஏற்பாடு இது, நியூயார்க்கும் அதில் ஆதாயம் பார்த்தது, இப்போது வேண்டாம் என்றால் எப்படி?

புத்தகத்தின் பழைய சொந்தக்காரர் அந்தப் பக்க ஓரத்தில் பென்சிலால் '83?' என்று எழுதியிருக்கிறார். பக்க எண் என்று நினைத்து இரண்டு நாள் தேடினேன். அப்புறம்தான் விளங்கியது, நம் மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் 83-வது பிரிவு! நம் நாட்டில் நிலம் மாநிலப் பட்டியலில் இருந்தாலும், கூட்டரசுத் தேவைக்கு என்றால் மாநிலத்தோடு கலந்துபேசிவிட்டு நிலத்தைக் கேட்கலாம், கொடுப்பது மாநிலத்தின் கடமை. ஓ'கானர் முடியாது என்றதற்கு நேர் எதிர். பஹாங் கெபெங்கில் லைனாஸ் அரிய மண் ஆலையின் கதிரியக்கக் கழிவைப் பற்றி இத்தனை வருடம் சண்டை போட்டோமே, அதில் அணுசக்தி உரிமம் 1984-ஆம் ஆண்டின் சட்டம் 304-ன் கீழ் கூட்டரசு கையில், நிலம் மாநிலத்தின் கையில். யாரைத் திட்டுவது என்று அப்போது எங்கள் வீட்டிலேயே இரண்டு கட்சி.

பக்கம் போனதைப் போன வாரம் போய்ச் சொன்னேன். "பழைய புத்தகம்தானே தம்பி" என்றார், ஆனால் 5 வெள்ளியைத் திருப்பிக் கொடுத்தார். அதே அடுக்கில் நம் நாட்டு நிலச் சட்டத்தைப் பற்றி ஒரு புத்தகம் பார்த்து வைத்திருக்கிறேன், அதுவும் பிளாஸ்டிக்கில்தான் இருக்கிறது.